அக்காவை மறுபடியும் தான்சானியாவுக்கு அனுப்புவதா, நிறுத்துவதா?

ஒரத்தநாட்டான்:
எல்லோருக்கும் வணக்கம். என் அக்கா கன்னியர் மடத்தில் சேர்ந்து 19 வருடம் ஆகிறது. கடைசி 9 வருடமாகத் தான்சானியாவில் ஒரு கிராம மருந்தகத்தில் நர்ஸ். மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் விடுப்பு. இந்தத் தடவை வந்தவர் பழைய அக்கா இல்லை. பகலெல்லாம் வருகிறவர்களிடம் சிரித்துப் பேசுகிறார், விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பார்த்தால் கொல்லையில் துவைகல் மேல் தனியாக உட்கார்ந்திருக்கிறார். கையில் ஜெபமாலை இருக்கிறது, ஆனால் மணி உருளவில்லை.

அப்பா 2020 ஜூனில் இறந்தார். வெளிநாட்டு விமானம் ஓடாத நேரம். அடக்கத்தைப் பக்கத்து வீட்டுப் பையன் அக்காவுக்கு வாட்ஸப்பில் காட்டினான். கல்லறைத் தோட்டத்துக்குப் போனதும் சிக்னல் சரியில்லை. "படம் நின்னுடுச்சு தம்பி, மண்ணு விழுற சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு" என்று போன வாரம்தான் என்னிடம் சொன்னார். இத்தனை வருடம் ஒருவரிடமும் சொல்லவில்லையாம், சபை மேலிடத்துக்கு எழுதின கடிதத்தில் எல்லாம் "இறைவன் அருளால் நலம்" என்றுதான் எழுதினாராம். அம்மாவுக்கு 71 வயது, இரண்டு கண்ணிலும் புரை. திரும்பப் போக வேண்டாம், இங்கேயே மாற்றல் கேளுங்கள் என்று சொல்லப் போகிறேன். அக்கா கேட்காவிட்டால் சபை மேலிடத்தில் நானே போய்ப் பேசுவேன். சரிதானே?

பூண்டி அம்மா:
தம்பி, மேலிடத்தில் போய்ப் பேசாதீர்கள். சாகும்வரை துறவிதான் என்று அக்கா நித்திய வார்த்தைப்பாடு கொடுத்த அன்று நீங்களும் முன் வரிசையில்தானே உட்கார்ந்திருந்திருப்பீர்கள்? என் மகன் 11 வருடமாக ஜெர்மனியில் பங்குக் குரு. பூசைக்கு வருவது பதினைந்து இருபது பேர், பாதிப்பேர் கைத்தடியோடு. டிசம்பரில் மாலை நாலரைக்கெல்லாம் இருட்டி விடுகிறதாம். பூண்டி மாதா தேருக்கு முன்னால் அந்தக் கூட்டத்தில் ஓடி வளர்ந்த பிள்ளை, அங்கே தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறான். குருப்பட்டம் வாங்கியதிலிருந்து ஊருக்கு முன்னால் நானே அவனை ஃபாதர் என்றுதான் கூப்பிடுகிறேன், வீட்டுக்குள் மட்டும்தான் தம்பி. அழுவானா என்றால் அழுவான், பெற்றவளுக்குத் தெரியாதா. ஆனால் போன வருடம் ஒரு பெரியவர் உயிர் போகிற ராத்திரி, அவருடைய பிள்ளைகள் வந்து சேர முடியாமல் போக, இவன் கையைப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறார். அதை என்னிடம் சொன்னபோது அவன் குரலே வேறு மாதிரி இருந்தது. அந்தக் குரலை நான் இந்த ஊரில் வைத்துக்கொண்டு கேட்டிருக்க முடியாது. கடவுளுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாது.

நாகைக்காரன்:
நான் கிறிஸ்தவன் இல்லை, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2018 நவம்பர் 16 கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஒரு ஊசி போட ஆளைத் தேடி அலைந்தோம். படித்த நர்ஸ் ஒருவர் கடல் தாண்டிப் போய்த்தான் சேவை செய்ய வேண்டுமா? வேதாரண்யத்தில் வேலை இல்லையா? அண்ணன் சொல்வது சரி, அக்காவை இங்கேயே இருக்கச் சொல்லுங்கள்.

பூண்டி அம்மா:
2004 சுனாமி அன்றைக்கு வேளாங்கண்ணிக் கரையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். "உங்கள் ஊரில் வேலை இல்லையா" என்று அவர்களைக் கேட்டோமா?

கொள்ளிடக்கரை:
அம்மா, உங்கள் மேல் மரியாதை வைத்துத்தான் எழுதுகிறேன். "கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாது" என்ற அந்த ஒரு பேச்சு எத்தனை பேரின் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது தெரியுமா? நான் பிரதராக, அதாவது குருப்பட்டம் வாங்காத துறவியாக, பப்புவா நியூ கினியில் நான்கு வருடம் இருந்தவன். முதல் மாதம் சந்தைக்குப் போனால் தரையில் பாக்கைக் குவித்து வைத்து விற்கிறார்கள், பக்கத்தில் சுண்ணாம்பு. வெற்றிலைக்குப் பதில் அந்த இனத்துக் கொடியில் விரல் மாதிரி தொங்கும் காயைச் சுண்ணாம்பில் தொட்டுத் தொட்டுக் கடிக்கிறார்கள். நான் கும்பகோணத்துப் பையன், தாத்தா மடியில் இருந்தே வெற்றிலைப் பெட்டியைப் பார்த்தவன். நான் மென்ற விதத்தைப் பார்த்துவிட்டு ஒரு கிழவி என் தோளைத் தட்டி "வான்டோக்" என்றார். ஒரே பேச்சுக்காரன், நம்ம ஆள் என்று அர்த்தம். அன்றைக்கு ராத்திரி சந்தோஷத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை, இதற்காகத்தான் பிறந்தேன் என்று நினைத்தேன். அதில் ஒரு துளியும் பொய் இல்லை.

அதே நான்தான் மூன்றாம் வருடம், மூன்றாவது தடவை மலேரியா வந்து எழுந்த பிறகு, இரண்டு மாதம் அறைக் கதவைத் திறக்கப் பயந்து கிடந்தேன். வெளியே மழை, உள்ளே ஒன்றுமே இல்லை, ஜெபம் செய்ய உட்கார்ந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பொறுப்பில் இருந்தவரிடம் சொன்னேன், ஜெபம் போதவில்லை என்றார். அதற்கப்புறம் நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. திரும்பி வந்தேன். ஊரில் "ஓடி வந்தவன்" என்று பெயர், அம்மா ஒரு வருடம் கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

2014 ஜூனில் ஃபாதர் அலெக்சிஸ் பிரேம்குமாரை ஆப்கானிஸ்தான் ஹெராத்தில் கடத்திக்கொண்டு போனார்கள். நம் சிவகங்கைச் சீமைக்காரர். 2015 பிப்ரவரி 22 அன்று விடுதலையாகும் வரை எட்டு மாதத்துக்கு மேல் அவருக்காக ஜெபித்தோம், ஜெபிக்கத்தான் வேண்டும். ஆனால் யாரும் கடத்தாமல், தன் அறைக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறவருக்காக யார் ஜெபிப்பது? அவர்தான் "நலம்" என்று எழுதிவிடுகிறாரே.

ஒரத்தநாட்டுத் தம்பி, உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். போகச் சொல்வதும் நிறுத்துவதும் உங்கள் கையில் இல்லை. என் விஷயத்தில் சபையும் வீடும் ஊரும் ஆளாளுக்கு முடிவெடுத்தார்கள், என்னிடம்தான் யாரும் கேட்கவில்லை.

தரங்கை ஆசிரியர்:
நான் லூத்தரன் சபைக்காரன், தினமும் புதிய எருசலேம் கோயிலைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறேன். உள்ளே ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரி சீகன்பால்கு கல்லறை. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகளோடு மணலில் எழுதித் தமிழ் படித்தார், 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். இதைத்தான் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அவரைத் தன் சொந்தக் கிறிஸ்தவ ஆட்சியாளரே, அப்போது தரங்கம்பாடியை ஆண்ட டேனிஷ் கவர்னர், 1708 கடைசியில் பிடித்து நான்கு மாதம் சிறையில் போட்டதையும், கூட வந்த புளூட்சோ 1711இல் திரும்பிப் போய்விட்டதையும், உடம்பு தேய்ந்து 1719இல் 36 வயதிலேயே இறந்ததையும் அவ்வளவாகச் சொல்வதில்லை. புளூட்சோவை யாரும் ஓடிப்போனவர் என்று சொல்லி நான் கேட்டதில்லை, கொள்ளிடக்கரை நண்பர் இதைக் கவனிக்க வேண்டும்.

இங்கிருந்து போன கடிதங்களை ஜெர்மனியில் ஹாலேயில் 1710 முதல் அச்சிட்டு வெளியிட்டார்கள், ஆனால் சங்கடமான இடங்களை நீக்கித் திருத்தித்தான் அச்சிட்டார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை, இப்போது கடிதம் எழுதுகிறவரே நீக்கிவிட்டு எழுதுகிறார். மாற்ற நினைத்தால் மாற்றலாம். அமெரிக்காவின் மார்மன் சபையில் இளைஞர்கள் இரண்டு வருடம், பெண்கள் 18 மாதம் ஊழியத்துக்குப் போவார்கள். முன்பெல்லாம் வாரம் ஒரு மின்னஞ்சல் உண்டு, வீட்டோடு போனில் பேசுவது கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான். 2019 பிப்ரவரியில் வாரா வாரம் பேசலாம் என்று மாற்றிவிட்டார்கள். எனக்கு அவர்கள் போதனையில் உடன்பாடு கிடையாது. இந்த முடிவு நல்ல முடிவு.

பூண்டி அம்மா:
ஆசிரியர் ஐயா, போன் இருந்தால் போதுமா? என் மகன் தினமும் பேசுகிறான், தினமும் "நல்லா இருக்கேம்மா" என்கிறான். கொள்ளிடக்கரைத் தம்பி எழுதியதைப் படித்தபின் நேற்று அவனிடம், "இருட்டுற நேரத்துல என்னப்பா பண்ணுவே" என்று மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம் ஒரு மணி நேரம் பேசினான். இருந்தாலும் நான் அவனை வா என்று கூப்பிட மாட்டேன். அதில் எனக்கு மாற்றமில்லை.

ஒரத்தநாட்டான்:
எல்லாவற்றையும் அக்காவிடம் படித்துக் காட்டினேன். எனக்குக் கிடைத்தது திட்டுதான். "நான் கேட்டேனாடா உன்னைப் பேசச் சொல்லி?" என்றார். அப்புறம் அவராகவே ஒன்று சொன்னார். போன மழைக்காலத்தில் மலேரியாக் காய்ச்சலோடு மூன்று வயதுக் குழந்தையை ஓர் அம்மா ராத்திரி முழுக்க நடந்து தூக்கிவந்திருக்கிறார். வந்து சேர்ந்தபோதே தாமதம், அக்கா கையிலேயே போய்விட்டது. அக்கா சுவரோரம் சாய்ந்து அழுதிருக்கிறார். பிள்ளையைப் பறிகொடுத்த அந்தத் தாய் எழுந்து வந்து, இவர் தலையில் கை வைத்து "பொலே, சிஸ்டர், பொலே சானா" என்றாராம். மனசைத் தேற்றிக்கோ என்பதற்கு அந்த ஊர்ச் சொல். "அப்பா சாவுக்குக்கூட எனக்கு யாரும் அப்படித் தலையில கை வைக்கலடா. நான் அவங்ககிட்ட போகாம எங்க போவேன்" என்றார். எனக்குப் பேச வாய் வரவில்லை.

ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை, இதையும் எழுதிவிடுகிறேன். அக்கா மேலிடத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார், அப்பா அடக்கத்தில் ஆரம்பித்து நாலு பக்கம், "நலம்" என்ற வார்த்தை அதில் இல்லை. அம்மாவின் கண் ஆபரேஷன் முடியும் வரை விடுப்பை நீட்டிக் கேட்டிருக்கிறார். பதில் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் நான் போய்ப் பேச மாட்டேன், சத்தியம் வாங்கிக்கொண்டார்.

கொள்ளிடக்கரை அண்ணே, அக்கா உங்களோடு பேச வேண்டும் என்கிறார். உங்கள் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிடுவார். அந்த ஊரில் காலை ஏழு மணியை ஒன்று என்று எண்ண ஆரம்பிப்பார்கள், ராத்திரிக்கும் அப்படியே. அக்காவுக்கு இன்னும் அந்தக் கணக்குப் போகவில்லை. இரண்டு மணி என்று சொன்னால் எட்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.