தரம் ஐந்துப் பிள்ளைகளுக்குச் சிறுவர் சந்தை இல்லையாம், என்ன சொல்கிறீர்கள்?

தேசிக்காய்க்காரி:
என் மகள் தரம் 5. போன வருடம் பள்ளிக்கூடத்தில் சிறுவர் சந்தை நடந்தபோது எங்கள் வளவுத் தேசிக்காயை ஒரு பை நிறையக் கொண்டுபோய், ஐந்து காய் ஐம்பது ரூபா என்று கூவிக் கூவி விற்றாள். யாரோ ஒரு ஐயா எட்டுக் காய் எடுத்துக்கொண்டு நூறு ரூபாத் தாளை நீட்ட, விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் பார்த்து இருபது ரூபா மிச்சம் கொடுத்தாளே, அந்த முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. இந்த வருடம் தரம் 5 பிள்ளைகள் சந்தையிலும் இல்லை, விளையாட்டுப் போட்டியிலும் இல்லை, பெரிய பள்ளிக்கூடத்துக்கும் உதவிப்பணத்துக்கும் ஆள் எடுக்கிற புலமைப்பரிசில் சோதனை முடியட்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். காலை ஆறரைக்கு ஒரு மேலதிக வகுப்பு, ஒன்றரைக்குப் பள்ளி விட்ட பிறகு இன்னொன்று, அப்புறம் ரியூசன். பிள்ளை விடிந்தால் வயிற்று நோ என்கிறாள். டொக்டர் பார்த்துவிட்டு வயிற்றில் ஒன்றும் இல்லை, பள்ளிக்கூடத்தில் என்ன நடக்குது என்று கேட்டார். கூட்டத்தில் நான் எழும்பிக் கேட்டால் மற்ற அம்மாமாரே என்னை முறைக்கிறார்கள்.

வெண்கட்டி:
தங்கச்சி, நான் 22 வருடமாக ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன், அந்த மேலதிக வகுப்பு எடுக்கிற ஆட்களில் நானும் ஒருத்தி. சும்மா எங்களை வில்லி ஆக்காதீர்கள். முடிவு வந்த அன்றைக்கு வலயக் கல்விப் பணிமனையிலிருந்து வருகிற ஒரே கேள்வி, தேர்வாகத் தேவையான வெட்டுப்புள்ளிக்கு மேலே எத்தனை பேர்? பெற்றோரும் அதைத்தான் கேட்கிறார்கள். போன முறை பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்பது பேர், எங்களிடம் நாலு. அடுத்த முதலாம் வகுப்பு அனுமதியில் பாதிப் பேர் அங்கே போய்விட்டார்கள். சிறுவர் சந்தை வடிவாக நடந்தது என்று எந்த அம்மாவாவது பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்தாளா? மூன்று மாதம் பொறுத்தால் முடிகிற விஷயம்.

குளத்தடி:
ரீச்சர் சொல்வதில் நியாயம் இருக்கு. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிஞ்சுது. அப்பா கூலி வேலை. அந்தச் சோதனை ஒன்று இல்லாவிட்டால் நானும் வயலில்தான் நின்றிருப்பேன். இலங்கையில் கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் மத்திய கல்லூரிகளைத் தொடங்கிப் புலமைப்பரிசில் கொடுத்ததே என்னைப் போன்ற கிராமத்துப் பிள்ளைகளுக்காகத்தான். உதவிப்பணத்தை 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 750 ரூபாவிலிருந்து 1500 ஆக்கினார்கள். உங்களுக்கு அது ஒரு தடவை பெற்றோல் அடிக்கிற காசு, எங்கள் வீட்டில் கொப்பியும் சப்பாத்தும். சோதனையை எடுத்துவிட்டால் பெரிய பள்ளிக்கூடத்துக்கு யார் போவார்கள் என்று நினைக்கிறீர்கள்? பழைய மாணவரின் பிள்ளையும் நன்கொடை கொடுக்கிறவரின் பிள்ளையும்தான்.

தேசிக்காய்க்காரி:
சோதனையை எடுக்கச் சொல்லி நான் எங்கே சொன்னேன் அண்ணை? நீங்கள் படித்த காலத்தில் ஆறரை மணி வகுப்பும் ரியூசனும் இருந்ததா? குளத்தில் நீந்திவிட்டு வந்து படித்திருப்பீர்கள், பெயரிலேயே தெரியுது.

குளத்தடி:
நீந்தினதும் உண்மை, அப்பாவிடம் அடி வாங்கினதும் உண்மை. 🙂 ஆனால் அப்போது போட்டி இவ்வளவு இல்லை.

சாக்கோட்டம்:
ஆட்கள் ஒன்றைக் குழப்புகிறார்கள். மாவட்ட வெட்டுப்புள்ளி உதவிப்பணத்துக்கு, அதுவும் குடும்ப வருமானம் பார்த்துத்தான். பெரிய பள்ளிக்கூடத்துக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வெட்டுப்புள்ளி, அது இன்னும் உயரம். 2024-இல் மூன்று இலட்சத்துக்கும் மேலான பிள்ளைகள் எழுதினார்கள், மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டினவர்கள் 51,000 சொச்சம். மிச்சப் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? பத்து வயதில் ‘பெயில்’ என்ற பெயர். அந்த வருடம் மூன்று கேள்விகள் முன்கூட்டியே வெளியானதாகப் பிரச்சினை வந்து, செப்டெம்பர் 15 எழுதின சோதனைக்கு டிசம்பர் 31-ம் திகதிதான் உயர் நீதிமன்றம் முடிவு சொன்னது, மூன்று கேள்விகளுக்கும் எல்லாருக்கும் புள்ளி கொடுக்கச் சொல்லி. திரும்ப எழுத வேணுமோ, வேண்டாமோ என்று தெரியாமல் அவ்வளவு நாளும் இருந்தது பிள்ளைகள்தான்.

என் மகனும் அந்த முறைதான். இரண்டு புள்ளியால் போச்சு. படலையடியில் எட்டுப் பிள்ளைகளின் படம் போட்டுப் பதாகை கட்டினார்கள், அதில் மூன்று பேர் இவனுடைய வாங்கில் இருந்தவர்கள். அது இருந்த ஒரு மாதமும் அவன் பின் ஒழுங்கையால்தான் பள்ளிக்கூடம் போனான். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. மழைக்குப் பதாகை கிழிந்து தொங்கின அன்றைக்குத்தான் முன் படலையால் போனான்.

வெண்கட்டி:
தம்பி, பதாகை விஷயத்தில் நான் உங்கள் பக்கம். ஆனால் அதைக் கட்டுவது நாங்கள் இல்லை. எங்களிடம் போன வருடம் வேண்டாம் என்று அதிபர் சொல்லியும் பெற்றோரே காசு சேர்த்து அடித்துக்கொண்டு வந்தார்கள், என் பிள்ளையின் படம் சின்னதாக வந்துவிட்டது என்று அதிலும் ஒரு சண்டை.

பனிக்காற்று:
கனடாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஒன்ராறியோவில் மூன்றாம், ஆறாம் வகுப்பில் மாகாணச் சோதனை ஒன்று வைக்கிறார்கள். பிள்ளை அடுத்து எந்தப் பள்ளிக்கூடம் போவது என்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. என் மகளுக்கு எத்தனை புள்ளி என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. நீங்கள் ஏன் பிள்ளைகளை இப்படி வதைக்கிறீர்களோ தெரியவில்லை.

குளத்தடி:
அண்ணை, கோவிக்கக்கூடாது. இங்கே ரியூசன் காசில் அரைவாசி உங்களைப் போன்ற மாமாமார் அனுப்புவதுதான். வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தால் சைக்கிள், 180 எடுத்தால் டப்லெட் என்று வீடியோ கோலில் ஏலம் கூறுவதும் நீங்கள்தான்.

பனிக்காற்று:
சரி, சைக்கிள் சொன்னது நான்தான். 😐

தேசிக்காய்க்காரி:
ரீச்சர், ஒன்று கேட்கிறேன். இரண்டாம் பத்திரத்தில் காசுக் கணக்கு வரும், சுற்றாடல் வரும். சந்தையில் அவள் செய்தது அதுதானே? அதையே கடந்தகால வினாத்தாளில் முப்பது தடவை செய்விக்கிறீர்கள்.

வெண்கட்டி:
சந்தை ஒரு நாள் இல்லைத் தங்கச்சி. பந்தல் போட ஒரு நாள், விற்க ஒரு நாள், வளவு கூட்டி அள்ள இன்னொரு நாள். வகுப்பிலோ 38 பிள்ளைகள், அதில் ஆறு பேருக்கு இன்னும் வாசிக்கவே கஷ்டம். உங்கள் மகளை நினைத்து நீங்கள் கதைக்கிறீர்கள், நான் அந்த ஆறு பேரையும் சேர்த்து நினைக்க வேண்டியிருக்கு.

சாக்கோட்டம்:
வாசிக்கக் கஷ்டப்படுகிற ஆறு பேருக்கு வினாத்தாள் கொடுத்து என்ன ரீச்சர் பலன்? அவர்களுக்குத்தான் முதலில் சந்தை வேணும். விலைப்பலகை எழுதவாவது எழுத்துப் பழகுவார்கள்.

வெண்கட்டி:
அதைப் பற்றி யோசிக்கலாம். உண்மையாகத்தான் சொல்கிறேன். ஆனால் இந்த வருடம் என்னால் அதிபரோடு மல்லுக்கட்ட முடியாது.

தேசிக்காய்க்காரி:
நேற்று எங்கள் அதிபரிடம் போனேன். தரம் 5 பிள்ளைகள் இடைவேளையில் வந்து வாங்கலாமாம், விற்கக் கூடாதாம். மகளிடம் சொன்னேன், அப்ப என்ர தேசிக்காயை ஆர் விக்கிறது என்று கேட்கிறாள்.

வெண்கட்டி:
தம்பிக்காரன் மூன்றாம் வகுப்பு என்று வேறு ஒரு திரியில் எழுதியிருந்தீர்களே. அவனிடம் கொடுத்துவிடுங்கள்.

தேசிக்காய்க்காரி:
அவனுக்கு மிச்சக்காசு கொடுக்கத் தெரியாது ரீச்சர்.