நார்த் அண்ட் சவுத் (2004): தார்ன்டன் அந்தத் தொழிலாளியை அடித்தது சரியா?

செங்காந்தள்
எலிசபெத் காஸ்கெல்லின் நாவலை இரண்டாம் தடவை படித்து முடித்த கையோடு, பிபிசி 2004-இல் நான்கு பகுதிகளாக எடுத்த தொடரையும் மறுபடி பார்த்தேன். முன்பு தொடரை முதலில் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்துக்குப் போனேன், அப்போது ஒரு குறையும் தெரியவில்லை. இந்தத் தடவை முதல் பகுதியிலேயே மனசு ஒட்டவில்லை.

பார்க்காதவர்களுக்காகக் கதை: தெற்கு இங்கிலாந்தில் ஹெல்ஸ்டன் என்ற சிற்றூரில் பாதிரியார் மகளாக வளர்ந்தவள் மார்கரெட் ஹேல். அப்பா மனசாட்சி உறுத்தித் திருச்சபை வேலையை விட்டுவிட, குடும்பம் வடக்கே மில்டன் என்ற பஞ்சாலை நகரத்துக்குக் குடிபோகிறது. அங்கே மில் முதலாளி ஜான் தார்ன்டன். இருவருக்கும் எதிலும் ஒத்துப்போவதில்லை. வேலைநிறுத்தம், அடுத்தடுத்துச் சாவுகள், அண்ணனைக் காப்பாற்ற அவள் சொல்லும் ஒரு பொய், கடைசியில் காதல்.

நாவலில் இருவரும் முதன்முதலாகப் பார்ப்பது ஒரு ஹோட்டல் அறையில். வீட்டு விஷயமாக அவள் அப்பாவைத் தேடி அவன் வருகிறான். அப்பா வெளியே போயிருக்கிறார். அவள் அலைந்து களைத்திருந்தாலும் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுகிறாள். தான் ஒரு முரட்டு ஆள், நயம் என்பதே இல்லாதவன் என்று அவனுக்குத் தன்னைப் பற்றியே தோன்றிவிடுகிறது. எவ்வளவு அழகான சந்திப்பு!

தொடரில் அவள் மில்லுக்குள் நுழைகிறாள். ஆலைக்குள் புகைபிடித்த ஒரு தொழிலாளியை அவன் துரத்திப் பிடித்துக் கீழே தள்ளி அடிக்கிறான். புத்தகத்தில் இப்படி ஒரு காட்சியே இல்லை. காஸ்கெல்லின் தார்ன்டன் இரும்பு மனிதன்தான், ஆனால் அந்தக் கடுமை எல்லாம் கூலிப் பேச்சில் இருக்கும், கையில் இருக்காது. திரைக்கதை எழுதிய சாண்டி வெல்ச் இதை ஏன் சேர்த்தார்? எனக்கு இது பெரிய தவறாகப் படுகிறது.

பீளமேடு பிரபா
நீங்கள் சொல்வதில் பாதியைக்கூட என்னால் ஏற்க முடியவில்லை. என் அப்பா 31 வருஷம் கோயமுத்தூரில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர். கேட்டிலேயே பீடியையும் தீப்பெட்டியையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். பஞ்சுப் பொதிக்குள் ஒரு ஆணியோ கம்பித் துண்டோ கிடந்து மெஷினில் உரசினாலே பொறி பறந்து, பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோ ரூமில் தீ பிடித்துவிடும். அப்படி இருக்கும்போது ஒருத்தன் உள்ளே நின்று புகைக்கிறான் என்றால், அங்கே வேலை செய்யும் அத்தனை பேர் உயிரும் அவன் விரல் நுனியில் இருக்கிறது என்று அர்த்தம்.

தொடரிலும் அது வெறும் கோபமாக வரவில்லை. வேறொரு மில் தீப்பிடித்துச் செத்தவர்களைத் தன் கண்ணால் பார்த்திருப்பதை அவன் பிறகு சொல்கிறான். அதைக் கேட்ட பிறகு அந்த அடியை என்னால் கொடுமை என்று மட்டும் பார்க்க முடியவில்லை. அடித்தது சரி என்று நான் சொல்லவில்லை. அந்த பயம் எங்கிருந்து வருகிறது என்று மில்காரர் வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

எனக்கு அந்தத் தொடரில் உறுத்தியது வேறு விஷயம். அதே காட்சியில் தறிகள் ஓடும் கூடம் முழுக்கப் பஞ்சு பனி மாதிரி கொட்டுகிறது. தறிப் பக்கம் அப்படிப் பறக்காது. நூல் அறுந்துவிடும் என்று அங்கே காற்றை ஈரமாகவே வைத்திருப்பார்கள். பஞ்சு மண்டுவது புளோ ரூமிலும், பஞ்சைச் சீவி இழை பிரிக்கும் கார்டிங்கிலும்தான்.

நிலாமதி
பிரபா அக்கா, அந்தப் பஞ்சுப் பனியைக் குறை சொல்லாதீர்கள், ப்ளீஸ்! கதவைத் தள்ளித் திறந்ததும் சத்தமும் வெள்ளையும் ஒன்றாக வந்து முகத்தில் அறையும். எங்கே நிற்கிறோம் என்றே ஒரு நிமிஷம் புரியாது. நரகத்தைப் பார்த்துவிட்டேன், அது வெள்ளையாக இருக்கிறது என்று மார்கரெட் ஊருக்குக் கடிதம் எழுதுவாள். அந்த ஒரு இடத்துக்காகவே இந்தத் தொடரை ஐந்து முறை பார்த்திருக்கிறேன். தறி என்றால் என்ன, கார்டிங் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. ஆனால் அங்கே மூச்சு முட்டும் என்பது தெரிந்துவிட்டது.

அப்புறம் செங்காந்தள் அக்காவுக்கு. நான்கு மணி நேரத்தில் முடிக்க வேண்டிய கதை இது. அவளுக்கு அவனைப் பிடிக்காமல் போக ஒரு வலுவான காரணம் உடனே வேண்டாமா? ஹோட்டலில் உட்கார்ந்து மரியாதையாகப் பேசிவிட்டுப் போகும் ஒருவரை யார் வெறுப்பார்கள்?

செங்காந்தள்
நிலாமதி, நீங்கள் கேட்ட கேள்வியில்தான் என் வருத்தமே இருக்கிறது.

நாவலில் மார்கரெட்டுக்கு அவனைப் பிடிக்காததற்கு நல்ல காரணம் எதுவும் கிடையாது. வியாபாரம் செய்கிறவர்களை அவளுக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். மில்டனுக்கு வருவதற்கு முன்பே, கதையின் ஆரம்பத்திலேயே, அதை அவள் வாய்விட்டுச் சொல்கிறாள். நிலம் வைத்திருப்பவன், படைவீரன், பாதிரியார், வக்கீல் என்றால் மரியாதை. சரக்கு விற்கிறவன் என்றால் ஒரு படி கீழே. படித்த, நல்ல மனசுள்ள ஒரு பெண்ணிடம் இப்படி ஒரு ஏளனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது கொஞ்சம் கொஞ்சமாக உதிர்வதுதான் பாதி நாவல்.

தொடர் என்ன செய்துவிட்டது? அவள் வெறுப்பை நியாயமாக்கிவிட்டது. இரத்தம் வழிய ஒருவனை அடிக்கிறவனை வெறுப்பதில் என்ன தப்பு? யார் பார்த்தாலும் வெறுப்பார்கள். ஆக, மாற வேண்டியவன் அவன் ஒருத்தன்தான் என்று ஆகிவிட்டது. அவள் பக்கம் இருந்த குற்றத்தைத் துடைத்துவிட்டார்கள். டேனியெலா டென்பி-ஆஷ் நன்றாகவே நடிக்கிறார், அவர் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் அவருக்குக் கொடுத்த மார்கரெட் புத்தகத்தில் இருப்பவளைவிட எளிமையான பெண்.

ராகவன்73
கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தியவன் என்ற முறையில் செங்காந்தள் சொன்னதை நூறு சதவீதம் வழிமொழிகிறேன். ஆனால் எனக்கு ஆறாத குறை முடிவில்தான் இருக்கிறது.

நாவலின் முடிவு லண்டனில், ஒரு வீட்டு அறைக்குள். தார்ன்டனுக்குத் தொழில் முறிந்துவிட்டது. மார்கரெட்டுக்குச் சொத்து வந்திருக்கிறது, அவன் மில் இருக்கும் நிலமும் அதில் சேர்த்தி. வங்கியில் சும்மா கிடக்கும் 18,057 பவுண்டை, வெறும் இரண்டரை சதவீத வட்டிக்குக் கிடப்பதை, நீங்கள் எடுத்துக்கொண்டால் எனக்குக் கூடுதல் வட்டி தரலாமே என்று குரல் நடுங்கக் கணக்குப் பேசுகிறாள். அந்த ஏழு பவுண்டைக்கூட விடாமல் எழுதியிருக்கிறார் காஸ்கெல்! காதலைச் சொல்ல வாய் வராதவள் வட்டிக் கணக்கைப் பிடித்துக்கொள்கிறாள். ஆங்கிலத்தில் நான் படித்த காதல் காட்சிகளில் இதற்கு இணையாக அதிகம் இல்லை.

தொடரில் ரயில் நிலையம். எதிரெதிர் ஊருக்குப் போகும் இரண்டு ரயில்கள் நிற்க, நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து, ஊர் பார்க்க முத்தம். 1850-களில் ஒரு பாதிரியார் மகள்! அதுவும் யார்? இரவில் ரயில் நிலையத்தில் ஒரு ஆணோடு நின்றாள் என்பதற்காகப் பெயர் கெட்டுப்போனவள். அவன் அவளுடைய சொந்த அண்ணன் ஃபிரெடரிக். கடற்படைக் கலகத்தில் சிக்கித் தலைமறைவாக இருப்பவன், அதனால் அவளால் உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. அந்த அவமானத்தை அனுபவித்த பெண் அதே மாதிரி ஒரு இடத்தில் பட்டப்பகலில் இப்படி நடந்துகொள்வாளா?

பீளமேடு பிரபா
ராகவன் சார், மன்னிக்கணும், நீங்கள் காட்டும் அதே காரணத்தால்தான் எனக்கு அந்த இடம் சரியாகப் படுகிறது.

தொடரில் அவளையும் ஃபிரெடரிக்கையும் தார்ன்டன் பார்ப்பது ரயில் நிலையத்தில். அந்தப் பார்வையில்தான் அவன் மனசு ஒடிகிறது. அதன் பிறகும் போலீஸ் விசாரணை வந்தபோது, மாஜிஸ்திரேட்டாக இருந்து அதை நிறுத்தி அவள் மானத்தைக் காப்பாற்றுகிறான். அவள் பொய் சொன்னாள் என்று தெரிந்தே காப்பாற்றுகிறான். எந்த இடத்தில் இருவரும் பிரிந்தார்களோ, அதே மாதிரி ஒரு இடத்திலேயே வந்து சேர வேண்டும் என்று எடுத்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். யார் பார்த்தால் என்ன என்று அவள் உட்கார்ந்திருப்பதுதான் அவளுக்கு வந்த மாற்றம்.

வட்டிக் கணக்கும் போய்விடவில்லை. அந்த பெஞ்சில் உட்கார்ந்து அவள் அதைத்தான் ஆரம்பிக்கிறாள். தடுமாறித் தடுமாறிச் சொல்கிறாள். ஹெல்ஸ்டன் போய் வந்ததற்கு அடையாளமாக அவன் எடுத்து வந்த ரோஜாவும் இருக்கிறது.

ராகவன்73
ரோஜாவைக் கொண்டுவந்தார்கள், சரி. நாவலில் அது காய்ந்த ரோஜா. பர்ஸுக்குள் வைத்திருந்து அவளிடம் காட்டுகிறான். அவள் பிறந்த மண்ணைப் பார்க்க வேண்டும் என்று, நம்பிக்கையே இல்லாத காலத்தில் போய் எடுத்து வந்தது. அதை எவ்வளவு நாள் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தான் என்பதுதான் விஷயம். அடக்கத்தில் இருக்கும் வலி முத்தத்தில் கிடைக்காது.

நிலாமதி
சார், நீங்கள் அடக்கம் என்கிறீர்கள். மார்கரெட் லண்டனுக்கு வண்டியேறிப் போகும்போது மாடிப்படியில் நின்று, திரும்பிப் பார், என்னைத் திரும்பிப் பார் என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொள்வாரே தார்ன்டனாக வரும் ரிச்சர்ட் ஆர்மிடேஜ், அதில் அடக்கம் இல்லையா? அவள் திரும்பவே மாட்டாள். கடைசியில் கிடைக்கும் அந்த முத்தம், திரும்பிப் பார்க்காத அந்த நாளுக்கு வந்த பதில். அழுதுகொண்டே பார்த்தேன்.

தொடர்கதை வாசகன்
இடையில் வருகிறேன். முடிவைப் பற்றிச் சண்டை போடுகிறவர்கள் ஒன்றை மறக்கிறீர்கள். நாவலின் முடிவில் காஸ்கெல்லுக்கே திருப்தி இல்லை. டிக்கன்ஸ் நடத்திய 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' வார இதழில் 1854 செப்டம்பரில் தொடங்கி 1855 ஜனவரியில் முடிந்த தொடர்கதை அது. நாவலுக்கு அந்தப் பெயரும் டிக்கன்ஸ் சொன்னதுதான், காஸ்கெல் மனசில் இருந்தது 'மார்கரெட் ஹேல்'. வார இதழின் பக்கக் கட்டுப்பாட்டால் கடைசிப் பகுதியை நம்ப முடியாத வேகத்தில் ஓட்ட வேண்டி வந்தது என்று புத்தகமாக வந்தபோது முன்னுரையிலேயே எழுதினார். சில இடங்களை விரித்தும், புது அத்தியாயங்கள் சேர்த்தும்தான் புத்தகம் வந்தது. வாரப் பத்திரிகைத் தொடர்கதை படித்து வளர்ந்த நமக்கு இந்த நெருக்கடி புதிதில்லை.

ஆகவே முடிவை மாற்றியதே பாவம் என்று சொல்ல முடியாது. எழுதியவரே ஒருமுறை மாற்றியிருக்கிறார்.

என் குறை வேறு. தொழிலாளிகள் பக்கம் இன்னும் நேரம் கொடுத்திருக்கலாம். தொழிற்சங்கக்காரன் ஹிக்கின்ஸ் வேலை கேட்டுத் தார்ன்டனுக்காக ஐந்து மணி நேரம் காத்திருந்து, விரட்டப்பட்டுத் திரும்புவான். அத்தனை நேரம் நின்றான் என்று பிறகு தெரிந்ததும், முதலாளியே அவன் வீடு தேடிப் போவான். நாவலில் என்னை உலுக்கிய பகுதி அது. பிரெண்டன் கோயில் மாதிரி ஒரு நடிகரை ஹிக்கின்ஸாக வைத்துக்கொண்டு, அந்த ஐந்து மணி நேரத்தின் கனத்தைக் கொண்டுவரவில்லை.

செங்காந்தள்
முன்னுரை விஷயத்தை ஏற்கிறேன். முடிவில் எனக்குப் பெரிய சண்டை இல்லை, அது ராகவன் சாரும் பிரபாவும் பேசித் தீர்க்க வேண்டியது. தார்ன்டனின் அம்மாவாக ஷினேட் குசாக் வரும் ஒவ்வொரு காட்சியும் புத்தகத்துக்குப் பெருமை சேர்ப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அடித்த காட்சியில் என் கருத்து மாறவில்லை.

பிரபா, உங்களிடம் ஒரு கேள்வி. ஹிக்கின்ஸின் நோயாளி மகள் பெஸ்ஸி மில்லில் எந்தப் பகுதியில் வேலை பார்த்தாள் என்று காஸ்கெல் எழுதியிருக்கிறார் தெரியுமா? கார்டிங்கில். பஞ்சுத் துகள் நுரையீரலைச் சுற்றி இறுக்குகிறது என்று அவளே மார்கரெட்டிடம் சொல்கிறாள். தூசியை இழுத்து வெளியே தள்ள ஒரு சக்கரம் வைக்கலாம், ஆனால் ஐந்நூறு அறுநூறு பவுண்டு ஆகும், லாபம் எதுவும் வராது என்பதால் முதலாளிகள் வைப்பதில்லை. தொழிலாளிகளிலும் சிலர் அது வேண்டாம் என்கிறார்களாம். பஞ்சை விழுங்கிப் பழகியவர்களுக்கு, சக்கரம் வந்ததும் பசி அதிகமாகிறதாம், அதற்குக் கூலியை ஏற்றித் தர வேண்டும் என்கிறார்களாம். நீங்கள் தறிக்கூடத்தில் கண்டுபிடித்த தப்பு, புத்தகத்தில் இல்லை.

பீளமேடு பிரபா
இதை நான் படித்ததில்லை. தொடரை மட்டும்தான் பார்த்திருக்கிறேன், புத்தகத்தை இனிமேல்தான் எடுக்க வேண்டும். பசி அதிகமாகும் என்று அவர்கள் சொன்னதைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். போன வருஷம் அப்பாவையும் உட்கார வைத்து இந்தத் தொடரைப் போட்டேன். மொழி புரியாது, நான்தான் பக்கத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தத் தறிக்கூடம் வந்ததும், இங்கே எதுக்கு இவ்வளவு பறக்குது என்று முதலில் கேட்டதே அவர்தான். பெஸ்ஸி இருமும்போது மட்டும் ஒன்றும் பேசவில்லை. முடிந்த பிறகு, அந்தப் புள்ளைக்கு எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, தறியாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன். இல்லை, கார்டிங்காத்தான் இருக்கும் என்றார்.

இன்றைக்கு அவரிடம் போய்ச் சொல்லப் போகிறேன்.