பி.பி.எட். படித்தால் மட்டும் போதுமா? மாற்றுத்திறன் பிள்ளைகளின் விளையாட்டு வகுப்பு பற்றி

ஏற்காடு பி.டி. மாஸ்டர்:
உடற்கல்வி ஆசிரியராக வேண்டும் என்று இரண்டு வருஷம் பி.பி.எட். படித்தேன். மாற்றுத்திறனாளிகளுக்கான உடற்கல்வியும் ஒரு பாடம்தான். குறைபாட்டு வகைகளை மனப்பாடம் செய்து நல்ல மார்க் வாங்கினேன். ஆனால் அப்படி ஒரு பிள்ளையோடு ஒரு நாள்கூட மைதானத்தில் நின்றதில்லை. மலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், டவுன் சிண்ட்ரோம் உள்ள பையனையும் வரிசையில் நிறுத்திக் குட்டிக்கரணம் போடச் சொன்னேன். பாயில் கையை ஊன்றிவிட்டான். அவன் அம்மா ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டார். "கழுத்தெலும்பு தளர்வா இருக்கு சார், டாக்டர் கரணம் கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க." கை கால் ஆடிவிட்டது எனக்கு. இந்தப் பிள்ளைகளில் சிலருக்கு அப்படி இருக்கும், டாக்டரைக் கேட்காமல் கரணம் போட வைக்கக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
சார், இந்தப் பாடத்தை நடத்துகிறவன் நான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள். எல்லாவற்றுக்கும் களப்பயிற்சி தர இரண்டு வருஷம் எப்படிப் பத்தும்? பிள்ளைக்குத் தகுந்தபடி ஆட்டத்தை மாற்று என்ற அடிப்படையைத் தருகிறோம், மீதி வேலையில்தான் வரும். நம்ம பெரியவடகம்பட்டி மாரியப்பன் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினாரே, அவரை முதலில் உயரம் தாண்டச் சொன்னது பள்ளிக்கூடத்துப் பி.டி. ஆசிரியர்தானே?

ஏற்காடு பி.டி. மாஸ்டர்:
மாரியப்பனால் நமக்கெல்லாம் பெருமை. ஆனால் திறமையைக் கண்டுபிடிப்பது வேறு, சொல்லித்தருவது வேறு சார். என் வகுப்பில் உள்ள அந்தப் பையனுக்குப் பதக்கம் வேண்டாம், வாரம் இரண்டு பீரியட் மற்ற பிள்ளைகளோடு ஆடினால் போதும்.

அயோத்தியாப்பட்டணம் டீச்சர்:
நான் சிறப்பாசிரியர். பார்வையில்லாத பிள்ளைகளுக்குக் கால்பந்தை கேரி பேக்கில் சுற்றி இறுக்கி முடிச்சுப் போடுவேன். உருளும்போது சரசரவென்று கேட்கும், சத்தத்தை வைத்தே ஓடிப் பிடிப்பார்கள். பந்து நின்றுவிட்டால் சத்தமும் நின்றுவிடும், அப்போது பக்கத்தில் ஒருவர் கைதட்டிக் காட்ட வேண்டும். இதெல்லாம் கூட நின்று பார்த்தால்தான் புரியும். போன வருஷம் பயிற்சிக்கு வந்தவர்கள் ரெக்கார்டு நோட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டு மதியமே கிளம்பிவிட்டார்கள்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
அது தப்புதான் டீச்சர், ஒத்துக்கொள்கிறேன். எங்கள் மாணவர்களை வாரம் ஒரு நாள் அனுப்பினால் சேர்த்துக்கொள்வீர்களா? ஆனாலும் பாடத்திட்டமே வீண் என்பதை ஏற்கமாட்டேன்.

அயோத்தியாப்பட்டணம் டீச்சர்:
தாராளமாக அனுப்புங்க சார்.

ஏற்காடு பி.டி. மாஸ்டர்:
வீண் என்று நான் சொல்லவில்லை சார். ஒரு கல்லூரி மனசு வைத்தால் மட்டும் ஆகாது; எல்லாக் கல்லூரியிலும் இது கட்டாயமாக வேண்டும், இந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிற விதத்தைப் பார்த்து மார்க் போட வேண்டும். என் பையன் இப்போது பலூனைத் தட்டி வாலிபால் ஆடுகிறான். அதை நானாகக் கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆனது. அந்த வருஷம் முழுக்க அவன் சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.