அம்மாவோட 65வது பிறந்தநாள், ரெண்டு ராத்திரி வெளியில டென்ட் போட்டு தங்கலாம்னு இருக்கோம், அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க

கேள்வி

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் அம்மாவுக்கு 65 முடியுது. ஹால் எடுத்து பெருசா பண்ணலாம்னு தம்பி சொன்னான், அம்மா வேணவே வேணாம்னுட்டாங்க, எல்லாரும் ரெண்டு நாள் வானத்தைப் பாத்துக்கிட்டு ஒண்ணா உக்காந்து பேசணும் அதுதான் எனக்கு வேணும்னு சொல்லிட்டாங்க. இத்தனை வருஷத்துல அவங்க வாய் திறந்து எனக்கு இது வேணும்னு கேட்டது இதுதான் முதல் தடவை, அதனால ஒழுங்கா பண்ணிடணும்னு ரொம்ப ஆசையா இருக்கு.

மொத்தம் 17 பேர். சின்னவளுக்கு 2 வயசு, பெரியப்பாவுக்கு 78. அம்மாவோட ஸ்கூல் தோழிங்க மூணு பேர் வராங்க. வெள்ளிக்கிழமை சாயந்திரம் போய் ஞாயித்துக்கிழமை மதியம் திரும்பறதா பிளான். ஏரிக்கரையில டென்ட் போட அனுமதி இருக்கற இடம் ஒண்ணு பாத்திருக்கோம், கூடவே ரெண்டு ரூமும் கிடைக்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கு, தரையில உக்காந்தா எந்திரிக்க முடியாது. அதைவிட என் பெரிய கவலை என்னன்னா எங்க போனாலும் கடைசியில அம்மா அடுப்புகிட்டதான் நிப்பாங்க, போன தடவை எல்லாரும் சேர்ந்து போனப்பவும் அப்படித்தான் ஆச்சு, ஒரு போட்டோல கூட அவங்க இல்ல. இந்த தடவை அப்படி ஆகக்கூடாது. என்ன பண்ணலாம்?

பதில் 1

ரெண்டு ரூம் இருக்குன்னு சொன்னீங்களே, அதை விட்டுடாதீங்க. பெரியப்பாவுக்கு ஒண்ணு, குழந்தை இருக்கற குடும்பத்துக்கு ஒண்ணு. அம்மாவுக்கு டென்ட்லதான் படுக்கணும்னு ஆசைன்னா படுக்கட்டும், ஆனா நாற்காலி உயரத்துக்கு மடக்குக் கட்டில் ஒண்ணு கண்டிப்பா வேணும், முழங்கால் வலி இருக்கறவங்களுக்கு தரையில விரிச்ச மெத்தையில இருந்து நடுராத்திரி எந்திரிக்கறது பெரிய தண்டனை. டென்ட்ல 4 பேர்னு எழுதியிருந்தா அது 4 பேர் ஒருத்தரை ஒருத்தர் ஒட்டிப் படுக்கற கணக்கு, பையெல்லாம் வைக்க இடம் இருக்காது, அதுல 2 பெரியவங்களும் ஒரு குழந்தையும்னு வச்சுக்கோங்க.

இன்னொண்ணு, ராத்திரி குளிர் தரையில இருந்தும் ஏறும். போத்திக்க நிறைய எடுத்துட்டுப் போயிட்டு கீழ விரிக்க ஒண்ணும் எடுக்காம போறவங்கதான் அதிகம். காத்தடிச்ச மெத்தையும் குளிரும், உள்ள இருக்கற காத்து ஜில்லுனு ஆயிடும், அதனால அதுக்கு மேல ஒரு கம்பளி விரிச்சுட்டுப் படுங்க. டாய்லெட்டுக்குப் போற வழியை வெளிச்சம் இருக்கும்போதே ஒரு தடவை அம்மாவையும் அவங்க தோழிங்களையும் கூட்டிட்டுப் போய் காட்டிடுங்க, வழியில சின்ன விளக்கு வைங்க. ராத்திரி தனியா போக பயந்துக்கிட்டு சாயந்திரத்துல இருந்தே தண்ணி குடிக்காம இருந்துடுவாங்க, எங்க அத்தை அப்படி இருந்து மறுநாள் தலை சுத்தி விழுந்தாங்க.

பதில் 2

சாப்பாடு பத்தி நான் சொல்றேன், 20 பேருக்கு மேல போற ட்ரிப்புக்கு நாலஞ்சு தடவை இந்தப் பொறுப்பு என்கிட்டதான் வந்துச்சு.

முதல்ல, சமைச்சது வெளியில 2 மணி நேரத்துக்கு மேல இருக்கக்கூடாது, வெயில் 32 டிகிரி செல்சியஸுக்கு மேல போச்சுன்னா 1 மணி நேரம்தான். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுலதான் கிருமி வேகமா பெருகும், வாசனை நல்லாத்தான் இருக்கும் ஆனா வயித்தைக் கெடுத்துடும். அதனால மிச்சம் வர்ற அளவுக்கு சமைக்காதீங்க. ஐஸ் பெட்டி ரெண்டு வைங்க, ஒண்ணு குடிக்கறதுக்கு, ஒண்ணு சாப்பாட்டுக்கு. பிள்ளைங்க நிமிஷத்துக்கு ஒரு தடவை ஜூஸ் எடுக்க திறப்பாங்க, சாப்பாடு அதே பெட்டியில இருந்தா மதியத்துக்குள்ள சூடாயிடும். துண்டு ஐஸை விட கட்டி ஐஸ் ரொம்ப நேரம் நிக்கும், வீட்லயே தண்ணி பாட்டிலை உறைய வச்சு எடுத்துட்டு வந்தா உருகினதும் குடிக்கவும் ஆச்சு.

கேக்ல கிரீம் வேணாம், வெயில்ல வழிஞ்சுடும். வெறும் கேக்கா கொண்டு போய் அங்க பழம் வெட்டி மேல அடுக்குங்க. மெழுகுவத்தி காத்துல நிக்காது, கண்ணாடி பாட்டிலுக்குள்ள வச்சு பக்கத்துல வைங்க. பலூன் மட்டும் தயவுசெஞ்சு வேணாம், உடைஞ்ச துண்டை 2 வயசுக் குழந்தை வாயில போட்டா மூச்சு அடைச்சுடும், கரையில கிடந்தா பறவையும் மீனும் தின்னும். பழைய துணியை வெட்டி தோரணமா கட்டுங்க, காத்துல ஆடும்போது அவ்வளவு அழகா இருக்கும்.

இப்ப அம்மா விஷயம். சும்மா உக்காருங்கன்னு சொன்னா எந்த அம்மாவும் உக்கார மாட்டாங்க. அவங்க ஏன் அடுப்புகிட்ட வராங்கன்னு யோசிச்சுப் பாருங்க, யாராவது ஒருத்தர் உப்பு எங்கன்னு கேட்டிருப்பாங்க. அங்கதான் ஆரம்பிக்குது. ஒவ்வொரு டப்பாவுலயும் பெருசா பேர் எழுதி ஒட்டுங்க, எந்த வேளை யார் சமைக்கறாங்கன்னு ஊர்லயே எழுதி குரூப்ல போடுங்க, அந்த ரெண்டு நாள்ல அம்மாகிட்ட யாரும் எது எங்க இருக்குன்னு கேக்கவே கூடாது. அவங்க நாற்காலி அடுப்பு கண்ணுல படாத பக்கம் ஏரியைப் பாத்து இருக்கட்டும்.

பதில் 3

ஏரிக்கரைன்னதும் எனக்கு மனசு பதறுது, அதனால நீட்டிச் சொல்றேன் மன்னிச்சுக்கோங்க. தண்ணியில மூழ்கற குழந்தை பெரும்பாலும் கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது, சத்தமே இல்லாம உள்ள போயிடும். 17 பேர் இருக்கோம் யாராவது பாத்துப்பாங்கன்னு எல்லாரும் நினைக்கற இடத்துலதான் யாருமே பாக்காம போகுது. பெரியவங்க ஒருத்தர் 15, 20 நிமிஷத்துக்கு ஒரு ஷிப்ட், கையில போன் கூடாது, புத்தகம் கூடாது, தலையில ஒரு சிவப்புத் தொப்பி, ஷிப்ட் முடிஞ்சா அந்தத் தொப்பியை அடுத்தவர் தலையில வச்சுட்டுத்தான் நகரணும். காத்தடிச்ச டியூபை நம்பாதீங்க, சைஸுக்கு சரியான லைஃப் ஜாக்கெட் வாங்குங்க. 2 வயசுக்காரி தண்ணி பக்கம் போனா கை எட்டற தூரத்துல ஒருத்தர் இருக்கணும்.

இடி சத்தம் காதுல விழுந்தாலே கட்டடத்துக்குள்ளயோ கார் உள்ளயோ போயிடணும், டென்ட்டும் மரத்தடியும் பாதுகாப்பு இல்ல. கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழிச்சுத்தான் வெளிய வரணும்.

குளிருதுன்னு கரி அடுப்பை டென்ட்டுக்குள்ள கொண்டு போகவே கூடாது, அணைஞ்ச மாதிரி தெரியற கங்கா இருந்தாலும் கூடாது. அதுல இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது, தூங்கறவங்க தூக்கத்துலயே போயிடுவாங்க. படுக்கப் போறதுக்கு முன்னாடி நெருப்புல தண்ணி ஊத்தி, கிளறி, திரும்ப ஊத்தி, கை வச்சா சுடாத அளவுக்கு அணைங்க. யாருக்காவது சுட்டுட்டா 20 நிமிஷம் ஓடற தண்ணியில காட்டணும், ஐஸ் வேணாம், பேஸ்ட் வேணாம்.

கேட்டவர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிக்கப் படிக்க கண் கலங்கிடுச்சு. உப்பு எங்கன்னு கேக்கறதுல இருந்துதான் ஆரம்பிக்குதுன்னு சொன்னீங்கள்ல, அது நூத்துக்கு நூறு உண்மை, போன தடவை கேட்டது நான்தான். சிவப்புத் தொப்பி இன்னிக்கே வாங்கிட்டேன். இன்னும் ஒண்ணு கேக்கணும், சனிக்கிழமை முழுசும் விளையாட்டு, பாட்டுன்னு மணிவாரியா போட்டு வச்சிருக்கான் தம்பி, சரியா வருமா?

பதில் 4

பாதியை எடுத்துடுங்க. உங்க அம்மா கேட்டது பேசறதுக்கு நேரம்தானே. காலையில பிள்ளைங்களுக்கு ஒண்ணு, வெயில் தாழ்ந்ததும் கேக், அது போதும். மதியம் நிழல்ல நாலு நாற்காலி போட்டு அம்மாவையும் அந்த மூணு தோழிங்களையும் தனியா விட்டுடுங்க, பிள்ளைங்க நடுவுல போய் உக்காந்தா பழைய பேச்சு பாதியில நின்னுடும். எங்கம்மாவுக்கு நாங்க இப்படிப் பண்ணப்ப அவங்க அனுமதி கேட்டு ஒரு போனை மெல்லிசு துணியில சுத்தி நடுவுல வச்சு குரலைப் பதிவு பண்ணோம், துணி இருந்தா காத்து இரைச்சல் அவ்வளவா விழாது. அம்மா இப்ப இல்ல. போட்டோ நூறு இருக்கு, ஆனா நான் திரும்பத் திரும்ப எடுக்கறது அந்த ரெண்டு மணி நேர சிரிப்பைத்தான்.

கேட்டவர்

இதைத் தம்பிகிட்ட படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் பேசல, லிஸ்டை எடுத்து அவனே கிழிச்சுட்டான், டப்பாவுக்கு பேர் எழுதற வேலையையும் எடுத்துக்கிட்டான். காலையில அம்மா வந்து நான் என்ன செஞ்சு எடுத்துட்டு வரட்டும்னு கேட்டாங்க. உங்க தோழிங்களுக்கு போன் பண்ணி யாருக்கு எந்தக் கட்டில்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கன்னேன். ஒன்றரை மணி நேரம் ஆச்சு, இன்னும் பேசிட்டுத்தான் இருக்காங்க.