பாறு, பருந்து, கருடன்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

செங்கல்பட்டிலிருந்து

திருக்கழுக்குன்றத்து மலைக் கழுகுகளைக் கண்ணால் பார்த்தவர்கள் நம்மில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறோம். நமக்குப் பிறகு வருகிறவர்களுக்கு அது வெறும் கதை. பார்த்தவர்கள் பார்த்ததை அப்படியே எழுதி வைத்தால் நல்லது என்று தோன்றியது. நானே தொடங்குகிறேன்.

எங்கள் வீடு மலையடிவாரத்துக்குப் பக்கம். கோடை விடுமுறையில் வரும் சொந்தக்காரர்களை மலைக்குக் கூட்டிக்கொண்டு போவது என் பொறுப்பு. ஐந்நூறு படிக்கு மேல் ஏறி, வேதகிரீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, எல்லோரும் பாறைச் சரிவுக்கு வந்து உட்கார்ந்துகொள்வோம். உச்சி வேளை நெருங்கும்போது பூசை செய்பவர் கிண்ணத்தோடு வருவார். அரிசி, கோதுமை, நெய், சர்க்கரை சேர்த்த பிரசாதம். கூட்டம் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். முதலில் ஒன்று தெரியும், பிறகு இன்னொன்று. இரண்டும் வட்டமடித்து இறங்கி, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, அங்கிருந்து தத்தித் தத்தி நடந்தே வரும்.

கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத்தான் அதன் முகம் தெரியும். உடம்பு அழுக்கேறிய வெள்ளை. இறக்கை விரிந்தால் ஓரம் முழுக்கக் கறுப்பு. பிடரியில் சிலிர்த்து நிற்கும் இறகுகள். முகத்தில் மட்டும் இறகே கிடையாது. வெறும் தோல், பழுத்த மஞ்சள். தின்று முடித்ததும் அலகைப் பாறையில் இந்தப் பக்கம் ஒரு தேய்ப்பு, அந்தப் பக்கம் ஒரு தேய்ப்பு. அப்புறம் எழும்பிப் போய்விடும்.

வராத நாளும் உண்டு. கூட்டத்தில் யாரோ பாவம் செய்தவர் இருக்கிறார், அதனால்தான் என்பார்கள். அப்படி ஒரு நாள் எங்களோடு வந்திருந்த அத்தை, அது தன்னால்தான் என்று படியிறங்கும் வரை அழுதுகொண்டே வந்தார். நாங்கள் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

சிவனின் சாபத்தால் கழுகான எட்டு முனிவர்கள், யுகத்துக்கு இருவராக விமோசனம் பெறுகிறார்கள், கலியுகத்துக்கு இந்த இருவர் என்பது தலக்கதை. காலையில் காசியில் நீராடி, மதியம் இங்கே உண்டு, இராமேசுவரம் போகிறவர்கள் என்று எங்கள் பாட்டி சொல்வார். 1990களின் கடைசியோடு அவை வருவது நின்றுவிட்டது. கலி முற்றிவிட்டது என்றார்கள் ஊரில்.

எனக்கு வேறொன்று தோன்றுகிறது. நாம் மலைக் கழுகு என்று சொன்னது மஞ்சள்முகப் பாறு. பாறு என்றால் செத்த விலங்கைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகு. மஞ்சள்முகப் பாறு இணையாக வாழும், ஒரே குன்றைப் பிடித்துக்கொண்டு பல வருடம் இருக்கும் பறவை. இரண்டில் ஒன்று இறந்தால் சுற்றுவட்டாரத்திலிருந்து வேறொன்று வந்து அந்த இடத்தில் சேர்ந்துகொள்ளும். 'இரண்டு கழுகு' என்ற கணக்கு நூற்றாண்டுக் கணக்கில் மாறாமல் இருந்தது அப்படித்தான் இருக்க வேண்டும். மலையில் நாம் பார்த்தது இரண்டைத்தான். அந்த இரண்டுக்குப் பின்னால் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கமெல்லாம் எத்தனையோ பாறுகள் இருந்திருக்கின்றன. இடத்தை நிரப்ப வெளியே ஒன்றுகூட மிஞ்சாமல் போனபோதுதான் கிண்ணம் காத்திருந்து திரும்பியிருக்கிறது. அவையெல்லாம் எங்கே போயின என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

மசினகுடிப் பக்கத்திலிருந்து

அக்கா, நீங்கள் கேட்டதற்குப் பதில் பெரும்பாலும் மாட்டுக்கொட்டிலில்தான் இருக்கிறது.

நாங்கள் சீகூர்ப் பக்கம் பட்டி மாடு வைத்திருக்கும் குடும்பம். பாலைவிடச் சாணத்தில்தான் வருமானம். கேரளத் தோட்டங்களுக்கு லாரியில் போகும். மாடுகள் காட்டோரம் மேய்வதால் சிலதைப் புலி அடிக்கும், சிலது நோயில் விழும். வீடு திரும்பாத மாட்டைத் தேடிக் கிளம்பினால் முதலில் அண்ணாந்துதான் பார்ப்போம். பாறு சுற்றுகிற இடத்துக்கு நேர் கீழே மாடு கிடக்கும்.

ஒரு கோடையில் ஓடையோரம் எங்கள் கிடாரி ஒன்று கிடந்தது. அப்பாவும் நானும் உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டோம். முதலில் வந்தது செம்முகப் பாறு, ஒற்றையாக. தலையும் கழுத்தும் செக்கச்சிவப்பு, காதோரம் தொங்கும் தோல் மடிப்பு. அது அவ்வளவாகக் கூட்டத்தோடு சேராது. பின்னாலேயே வெண்முதுகுப் பாறுகள் காலைத் தொங்கவிட்டபடி ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன. அவை இறங்கும்போது இறக்கையில் காற்றுக் கிழிபடும் இரைச்சல் தலைக்கு மேலேயே கேட்டது. அப்புறம் சீறல், உறுமல், ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி இழுபறி. கழுத்தை அடிவரை உள்ளே விட்டு வெளியே எடுக்கும். அந்தக் கழுத்தில் இறகு இருந்தால் இரத்தம் காய்ந்து ஒட்டிப்போகும். மொட்டைக் கழுத்தின் அருமை அங்கேதான் எனக்குப் புரிந்தது. வயிறு நிறைந்தபின் தொண்டைப்பை புடைத்துத் தொங்க, சிலது ஓடி ஓடிப் பார்த்தும் எழும்ப முடியவில்லை. பாறைமேல் ஏறி, இரண்டு இறக்கையையும் ஈர வேட்டி காயப்போட்டதுபோல் விரித்துக்கொண்டு வெயிலில் நின்றன. அடுத்த நாள் அங்கே எலும்பும் தோலும்தான். நாற்றமே இல்லை. அடைப்பான் நோயில் செத்த மாட்டைக்கூடத் தின்று செரிக்கும் வயிறு அதற்கு.

அப்படிப்பட்ட வயிற்றை ஒரு வலி மருந்து வீழ்த்தியது. டைக்ளோஃபினாக். காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் மாட்டுக்குப் போடும் ஊசி. விலை குறைவு, உடனே கேட்கும். ஊசி போட்ட ஓரிரு நாளில் மாடு இறந்துவிட்டால் மருந்து இறைச்சியில் தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் ஈரல்மேலும் இதயத்தின்மேலும் வெள்ளைப் பொடியாகப் படிந்துவிடும். சில நாள் தலை தொங்கி உட்கார்ந்திருந்து கீழே விழும். பாகிஸ்தானில் நடந்த ஆய்வு இதை 2004இல்தான் கண்டுபிடித்துச் சொன்னது. அதற்குள் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குப் போய்விட்டது. மஞ்சள்முகப் பாறும் அதே காலத்தில்தான் நாடு முழுக்கச் சரிந்தது. கழுக்குன்றத்து இணைக்கு என்ன ஆனது என்று யாரும் அறுத்துப் பார்க்கவில்லை. ஆனால் காலம் பொருந்துகிறது அக்கா.

2006இல் மாட்டுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. ஆனால் மனிதருக்கென்று விற்ற பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதனால் 2015இல் ஊசிக் குப்பி 3 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது என்று உத்தரவு. மருந்து நிறுவனங்கள் சென்னை உயர்நீதிமன்றம் போயின. 2017இல் நீதிமன்றம் உத்தரவு சரிதான் என்றது. 2023இல் கீட்டோபுரோஃபன், அசிக்ளோஃபினாக் என்ற வேறு இரண்டு வலி மருந்துகளுக்கும் கால்நடைக்குத் தடை. தடை வந்து பல வருடம் கழித்தும் எங்கள் பக்கத்து மருந்துக்கடை ஒன்றில் பெரிய குப்பியை எடுத்து நீட்டினார்கள். அப்பா வாங்க மறுத்துவிட்டு வந்தார். படிக்காத மனுஷன். அன்றைக்கு அவரைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது.

எங்கள் பக்கம் நாலு வகைப் பாறும் இன்றைக்கும் இருக்கின்றன. வெண்முதுகுப் பாறு மாயாற்றங்கரை நீர்மருதுகளில் கூடு கட்டும், கருங்கழுத்துப் பாறு பாறை முகட்டில். வருடத்துக்கு ஒரே முட்டை. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து எடுத்த கணக்கில் 2023 பிப்ரவரியில் 246, 2025இல் 390. ஒற்றை முட்டைக்காரப் பறவைக்கு இது சின்ன ஏற்றம் இல்லை.

சிவகங்கையிலிருந்து

பாறுக்குக் கிடைத்த கதி கருடனுக்கு வரவில்லை என்பதை நினைத்தால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஆறுதல்.

கும்பாபிஷேகம். யாகசாலையிலிருந்து கடம் புறப்பட்டு, குருக்கள்மார் விமானத்தில் ஏறி நின்றாகிவிட்டது. கலசத்தில் தண்ணீர் விடவில்லை. கீழே நாதஸ்வரம் உச்சத்தில். ஊரே மேலே பார்க்கிறது. கண்மாய்ப் பக்கமிருந்து செம்பருந்து ஒன்று வந்தது. வெள்ளைத் தலை, வெள்ளை மார்பு, செங்கல் நிற முதுகு. கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. "கருடன் வந்தாச்சு!" என்று யாரோ கத்த, அப்பத்தா கன்னத்தில் போட்டுக்கொண்டார், தண்ணீர் விழுந்தது.

அந்தப் பருந்தின் கூடு கண்மாய்க்கரைப் புளியமரத்தில் இருந்தது எனக்குத் தெரியும். மீனும் நண்டும் தேடி தினமும் அதே வானத்தில் சுற்றுவதுதான். தெரிந்தும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. கூடு இருந்ததால்தான் கருடன் வந்தது; கண்மாயில் தண்ணீர் இருந்ததால்தான் கூடு இருந்தது. அதற்கப்புறம் கரையை அகலப்படுத்த அந்த மரத்தை வெட்ட வேண்டும் என்று பேச்சு வந்தபோது, "கருடன் மரத்தில் கை வைக்காதே" என்று முதலில் எழுந்து நின்றவர் அப்பத்தாதான். மரம் இன்றும் நிற்கிறது.

வண்ணாரப்பேட்டையிலிருந்து

சுருக்கமாக எழுதுகிறேன். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்தின்போது கரும்பருந்தும் செம்பருந்தும் கலந்து சுற்றுவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். மீன் குடலைத் தூக்கி எறிந்தால் தரையைத் தொடவிடாது. காலால் பிடித்து, பறந்துகொண்டே குனிந்து தின்னும்.

எங்கள் தெரு மின்கம்பியில் ஒரு கரும்பருந்து, பட்டம் விடும் கண்ணாடித்தூள் தடவிய மாஞ்சா நூலில் தலைகீழாகத் தொங்கியது. தீயணைப்புக்காரர்கள் வந்து இறக்கிக் கொடுத்தார்கள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை இறக்கையின் முன்பக்கம் ஒரு மெல்லிய தோல் இருக்கிறது. அது அறுந்து எலும்பு தெரிந்தது. அந்தத் தோல் போனால் பறவைக்கு வானம் போயிற்று. துணியைப் போட்டுக் கண்ணை மூடியதும் அது திமிறுவதை நிறுத்திவிட்டது. இதயம் அடிப்பது மட்டும் கையில் தெரிந்தது. மருத்துவரிடம் சேர்த்தோம். பிழைத்தது, ஆனால் பறக்கவில்லை. மாஞ்சா விற்பதும் வாங்குவதும் குற்றம் என்று தெரிந்தே மாடியில் விடுகிற பையன்களிடம் இந்தத் தோலைப் பற்றித்தான் நான் இப்போதெல்லாம் சொல்கிறேன்.

விளாத்திகுளத்திலிருந்து

கோயிலுக்கும் துறைமுகத்துக்கும் வருகிற பருந்தை எல்லோருக்கும் தெரியும். எங்கள் கரிசல் காட்டுக்கு வருகிறவரைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று வந்தேன். பூனைப்பருந்து.

ஐப்பசிக் கடைசியில் உளுந்தும் பாசியும் முளைத்து நிற்கும்போது வரும். பங்குனிக்குள் போய்விடும். கசகஸ்தான் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே குளிர்காலம் கழிக்க வருகிறவை அவை. ஆண் சாம்பல் நிறம். பெண் தவிட்டு நிறம், வாலடியில் வெள்ளைப் பட்டை. பயிருக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில், இறக்கையை லேசாக மேல்நோக்கி மடித்துக்கொண்டு, அசைக்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தபடி போகும். சட்டென்று திரும்பி உள்ளே விழும். எழும்போது காலில் ஏதாவது இருக்கும்.

அது மரத்தில் அடைவதில்லை. பொழுது சாயும்போது நாலாபக்கமிருந்தும் ஒரே புல்தரையைத் தேடி வந்து, தரையிலேயே, புல்லுக்குள் இறங்கி இராத்தங்கும். நான் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். காலையில் பருந்துகள் கிளம்பிப்போன பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், அவை கக்கிப்போட்ட உருண்டைகளைப் பொறுக்குவோம். கட்டைவிரல் பருமன், சாம்பல் நிறம். தண்ணீரில் ஊறவைத்து ஊசியால் பிரித்தால் வெட்டுக்கிளிக் கால், வெட்டுக்கிளித் தாடை, மறுபடி வெட்டுக்கிளிக் கால். எப்போதாவது எலியின் பல், சிட்டின் இறகு. ஒரே உருண்டையில் இத்தனை தாடையா என்று எண்ணிக்கொண்டே இருந்த ஒரு பிள்ளை, "டீச்சர், இது எங்கப்பாவுக்குக் கூலி வாங்காம வேலை பாக்குது" என்றாள். அவள் அப்பாவுக்கு மக்காச்சோளக் காடு.

2018இல் படைப்புழு வந்தபிறகு மக்காச்சோளத்துக்கு அடிக்கும் மருந்து பல மடங்காகிவிட்டது. வெட்டுக்கிளியும் சேர்ந்து சாகிறது. இன்னொரு பக்கம் தரிசு என்று பெயர் வைத்துப் புல்தரைகளைச் சூரியத் தகடுகளுக்குக் கொடுக்கிறார்கள். மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நிலத்தைப் பதிவேட்டில் தரிசு என்று எழுதுகிறவர் ஒரே ஒரு சாயங்காலம், மார்கழியில், வந்து வரப்பில் நின்று பார்க்க வேண்டும். பருந்து அங்கே வந்து இறங்கும். அதற்கு அது வீடு.

பொள்ளாச்சியிலிருந்து

மசினகுடித் தம்பி எழுதியதைப் படித்துவிட்டுக் கேட்கிறேன். எங்களிடம் கறவை மாடுகள் உண்டு. மடிவீக்கம் வந்தால் ஊசி போடாமல் முடியாது. பாறுக்குக் கெடுதல் இல்லாத மருந்து எது? இங்கே பாறே கிடையாது, இருந்தும் கேட்டு வைத்துக்கொள்ளலாம் என்று.

மசினகுடிப் பக்கத்திலிருந்து

அண்ணா, கேட்டதற்கு நன்றி. மெலாக்சிகாம் போடச் சொல்லுங்கள். பாறுகளுக்குக் கொடுத்துப் பார்த்துப் பாதுகாப்பானது என்று உறுதி செய்த மருந்து அது. டோல்ஃபினாமிக் அமிலமும் அப்படியே. இரண்டும் கால்நடை மருத்துவரிடம் கேட்டால் கிடைக்கும். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள், கடையில் மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். நிமெசுலைடும் வேண்டாம்.

பாறு இல்லாத ஊர் என்று விட்டுவிட முடியாது அண்ணா. ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்றக்கூடிய பறவை. ஆனைமலைக்கும் எங்கள் மாயாற்றுக்கும் இடையில் அதற்கு எல்லைக் கல் கிடையாது. மாடு சிகிச்சையில் இருக்கும்போது இறந்தால் என்ன ஊசி, எந்தத் தேதி என்று பாருங்கள். தடை செய்த மருந்து போட்டிருந்தால் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். உங்கள் பக்கம் சிறுத்தை அடித்த மாட்டுக்கு யாராவது ஆத்திரத்தில் விஷம் தடவப் பார்த்தால் தடுத்து, வனத்துறையில் இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். விஷம் வைத்த ஒரு மாட்டில் ஒரு கூட்டமே விழுந்துவிடும்.