செண்பகப்பூவின் மணத்தை வீட்டில் வடித்தெடுக்க முடியுமா?

கேள்வி (திருமங்கலம்):
எங்கள் கொல்லையில் இரண்டு செண்பக மரங்கள் நிற்கின்றன. ஒரு பூவைக் கொண்டுவந்து வைத்தாலே கூடம் முழுவதும் மணக்கிறது. அதை நம்பிச் சென்ற வாரம் ஒரு படிப் பூவைக் குக்கரில் வேகவைத்து, ஆவியை ரப்பர் குழாய் வழியே குளிர்ந்த நீருக்குள் செலுத்தி வடித்துப் பார்த்தேன். கிடைத்த நீரில் வெந்த கீரையின் வாடைதான் இருந்தது. எங்கே தவறினேன்? வேலியோரம் பூத்துக் கிடக்கும் ஆவாரையும் கொன்றையும் இதற்கு உதவுமா?

பதில் 1:
குக்கரின் மீது பழி போட வேண்டாம். மல்லிகையைப் போலவே செண்பகத்தின் மணமும் சூட்டில் கெட்டுவிடும். மதுரைப் பக்கத்து ஆலை ஒன்றில் நான் பார்த்த முறை வேறு: பூவை ஹெக்சேனில் ஊறவைத்து, அந்தக் கரைப்பானை ஆவியாக்கி எடுத்துவிட்டால் 'காங்கிரீட்' எனப்படும் மெழுகு கலந்த மணப் பசை எஞ்சும், அதை ஆல்கஹாலில் கரைத்துக் குளிரவைத்து, மெழுகை வடிகட்டி, ஆல்கஹாலையும் நீக்கினால் கிடைப்பது 'அப்சல்யூட்' என்னும் மெழுகு நீங்கிய மணச்சாறு. ஹெக்சேன் சட்டெனத் தீப்பற்றக்கூடியது. வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது.

பதில் 2:
மேலே நண்பர் கூறியதில் ஒரு சிறு திருத்தம். உத்தரப் பிரதேசத்தின் அத்தர் ஊரான கன்னௌசில் செண்பகத்தையும் செப்பு அண்டாவில் இட்டு, மெல்லிய தீயில் வடித்து, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி அத்தர் ஆக்குகிறார்கள். மணத்தைப் பிடித்து வைப்பது அந்த எண்ணெய்தான். தங்களிடம் இருந்ததோ வெறும் தண்ணீர். தாங்கள் கேட்ட ஆவாரையும் கொன்றையும் செண்பகத்தைப் போல மஞ்சள்தான். மஞ்சள் நிறமெல்லாம் மணமாகிவிடாது என்றாலும், நிறத்துக்கும் மணத்துக்கும் ஓர் உறவு உண்டு: நிறம் தரும் கரோட்டினாய்டுகள் சிதையும்போதுதான் அயனோன் என்னும் மணப்பொருள் பிறக்கிறது, செண்பகத்திலும் அது இருக்கிறது. 1921இல் வந்த சேனல் நம்பர் 5 என்னும் வாசனைத் திரவியத்தில் சேர்ந்த இலாங்-இலாங்கும் மஞ்சள் பூவே. அது நீராவியைத் தாங்கும். கஸ்தூரி வேலம்பூவைப் பிரான்சின் கிராஸ் நகரில் வாசனைத் திரவியத்துக்காகவே வளர்த்தார்கள். ஆவாரையைப் பொங்கல் காப்புக்கு விட்டுவிடுங்கள். கொன்றையின் மணம் மெல்லியது, உழைப்புக்குக் கட்டுப்படியாகாது.

பதில் 3:
தம்பி, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் போதுமென்றால் அடுப்பே வேண்டாம். உலர்ந்த எள்ளையும் ஈரமில்லாத பூவையும் அடுக்கடுக்காகப் பரப்பி, தினமும் வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ போட்டு, நாலைந்து நாள் கழித்துச் செக்கில் ஆட்டுங்கள். முன்பு ஆட்டியது கடலையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதன் வாடை ஏறிவிடும்.

கேட்டவர்:
நன்றி அக்கா. செக்குக்காரர் பத்துக் கிலோவுக்குக் குறைந்தால் செக்கை ஓட்ட மாட்டாராம். இரண்டு மரத்துப் பூ அத்தனை எள்ளுக்குப் போதாது. பக்கத்து வீட்டு மரத்தையும் கேட்டு வைத்திருக்கிறேன்.