நாற்காலி இடித்துச் சுவர் பாழாகிறது: பட்டையை எந்த உயரத்தில் அடிப்பது, ஒட்டினால் நிற்குமா?

கேள்வி (புதுச்சுவர்):
சாப்பாட்டு அறை 3.6 × 3 மீட்டர். குட்டைச் சுவர் ஒன்றில் 90 செ.மீ. வாசல். நாற்காலி முதுகு இடித்து இடித்துப் பெயின்ட் போய் உள்ளே பட்டி (பெயின்ட்டுக்கு அடியில் பூசும் புட்டி) தெரிகிறது. சுற்றிலும் சேர் ரெயில், அதாவது நாற்காலி இடி தாங்கச் சுவரில் கிடையாக ஓடும் பட்டை, அடிக்க எண்ணம். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) நல்லதா, பி.வி.சி. பிளாஸ்டிக்கா? உயரம் எவ்வளவு? பட்டை 2.4 மீட்டர் நீளத்தில் கிடைக்கிறது, எத்தனை வேண்டும்? நீளச் சுவர் ஒன்றின் நடுவில் 6 மி.மீ. குழிவு இருக்கிறது. வாசலோரச் சுவர் விளிம்பும் பெயர்கிறது.

ரசமட்டம்:
பொதுவாக 80 முதல் 90 செ.மீ. என்பார்கள். அந்தக் கணக்கை விட்டுவிட்டு நாற்காலியைச் சுவரோடு தள்ளிப் பாருங்கள். முதுகு தொடும் இடத்தில் பென்சிலால் குறியுங்கள். பட்டையின் நடு அங்கே வர வேண்டும். அகலம் 7 செ.மீ.க்குக் குறைய வேண்டாம், வேறு நாற்காலி வந்தாலும் தாங்கும். இன்னொன்று: சில நாற்காலிகளில் பின்கால் முதலில் ஸ்கர்ட்டிங்கில் (தரையோரம் சுவரின் அடியில் ஓடும் பட்டை) முட்டி நின்றுவிடும். அப்படியானால் தடித்த ஸ்கர்ட்டிங்கே போதும், பட்டை அழகுக்கு மட்டும்தான்.

சுற்றளவு 13.2 மீட்டர், வாசல் போக 12.3. வகுத்தால் ஐந்தும் கொஞ்சமும் வரும். ஆனால் 3.6-க்கு 2.4 + 1.2, 3-க்கு 2.4 + 0.6 என்று சுவர் சுவராகப் பிரித்தால் ஆறு வேண்டும். ஏழாக வாங்குங்கள். அதே வடிவம் பின்னால் கிடைக்காமல் போகலாம்.

உளி:
முதலில் சுவர் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முழம் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் நீர் கோத்தால் சுவரில் ஓதம் இருக்கிறது, எம்.டி.எஃப். அங்கே உப்பிவிடும். காய்ந்த சுவரென்றால் எம்.டி.எஃப்.தான் என் தேர்வு: பெயின்ட் நன்றாகப் பிடிக்கும், இடி தாங்கும். வெட்டிய முனைகளுக்கும் பின்பக்கத்துக்கும் பிரைமர் அடித்த பிறகே மாட்டுங்கள். ஈரம் நுழைவது அந்த வெட்டுமுனை வழியாகத்தான்.

ஒட்டு மட்டும் போதாது. அது பிடித்திருப்பது பெயின்ட்டை. பெயின்ட் உரிந்தால் பட்டையும் கூடவே வரும். பட்டை வரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, தூசி துடைத்து ஒட்டுங்கள். கூடவே 40–50 செ.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ. பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் குழல்) பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போக வேண்டும், ஆகவே 50 மி.மீ. ஸ்க்ரூ. சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் துளை போடாதீர்கள், உள்ளே ஒயர் குழாய் ஓடும்.

புதுச்சுவர்:
நன்றி. அந்தக் குழிவை என்ன செய்வது? மூலை இணைப்புக்கு இரண்டு பக்கமும் 45 டிகிரி வெட்டினால் போதுமா?

உளி:
குழிவு இரண்டு மூன்று மீட்டருக்குப் பரவியிருந்தால் ஸ்க்ரூவால் இழுத்தே பட்டையைச் சுவரோடு சேர்த்துவிடலாம், கண்ணுக்குத் தெரியாது. வெறும் ஒட்டு என்றால் வளைந்த பட்டை நிமிரப் பார்த்து விட்டுவிடும். ஒரு முழத்துக்குள் திடீரென்று குழிந்திருந்தால் முதலில் பூசி மட்டமாக்குங்கள். பட்டை கண் மட்டத்துக்குக் கீழே இருப்பதால் மேல்விளிம்பு இடைவெளி பளிச்சென்று தெரியும்.

தூக்குக்குண்டு:
உள்மூலையில் 45 + 45 வேண்டாம். மூலை சரியாக 90 டிகிரி இருப்பது அபூர்வம், இணைப்பு வாய் பிளந்துவிடும். முதல் பட்டையை நேராக வெட்டிச் சுவரில் முட்டவிடுங்கள். இரண்டாவதை 45-ல் வெட்டினால் முன்பக்கம் அதன் வடிவம் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டில் பென்சில் ஓட்டி, கோப்பிங் ரம்பத்தை (வளைவாக அறுக்கும் மெல்லிய அலகு ரம்பம்) சற்றே பின்பக்கம் சாய்த்து, கோட்டோடு அறுங்கள். முன்விளிம்பு மட்டும் முதல் பட்டையில் தொட வேண்டும். பின்னால் சதை மிச்சம் இருந்தால் உட்காராது, அரத்தால் எடுங்கள். 1 மி.மீ. நீளம் கூட வைத்து அழுத்தி மாட்டினால் இறுக்கமாக நிற்கும். சுவரின் நடுவில் இரண்டு பட்டையைச் சேர்த்து நீட்டும் இணைப்பை மட்டும் இரண்டு முனையும் ஒரே திசையில் சாயும்படி 45-ல் வெட்டி ஒன்றன்மேல் ஒன்று படுக்க வையுங்கள்.

வாசலோர விளிம்புக்கு 25 × 25 மி.மீ. கார்னர் கார்டு (விளிம்பை மூடும் எல் வடிவப் பட்டை), ஸ்கர்ட்டிங்கின் மேலிருந்து 1.2 மீட்டர். உடைந்த இடத்தைப் பட்டியால் நிரப்பிக் காயவிட்ட பிறகு ஒட்டுங்கள். ரெயில் வந்து முட்டும் இடத்தில் கார்டை வெட்ட வேண்டாம், ரெயிலை அதன் ஓரத்தோடு நிறுத்துங்கள். மேல்விளிம்பு இடைவெளிக்குப் பெயின்ட் ஏற்கும் அக்ரிலிக் சீலன்ட் (இடைவெளி அடைக்கும் பசை). சிலிக்கான் போட்டால் அதன்மேல் பெயின்ட் நிற்காது.